கல்லூரித் தேர்வு: பிள்ளைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்

 

 

பிளஸ் டூ முடிவுகள் வந்துவிட்டால் நம் மஹல்லாவின் ஒவ்வொரு தெருவிலும் ஒரே பேச்சுதான். "எவ்வளவு மார்க்? எந்தக் காலேஜ்? என்ன குரூப்?" வாழ்த்த வருகிறவர்களும் இதைத்தான் கேட்கிறார்கள், விசாரிக்க வருகிறவர்களும் இதைத்தான் கேட்கிறார்கள். இரண்டு மூன்று வாரங்களுக்குள் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். அந்த முடிவு பிள்ளையின் அடுத்த முப்பது வருடத்தையும், பல வீடுகளில் குடும்பத்தின் அடுத்த பத்து வருடக் கடனையும் தீர்மானித்துவிடுகிறது.

ஒரு வீட்டில் திருமணம் என்றால் ஆறு மாதம் விசாரிக்கிறோம். மனை வாங்குவது என்றால் வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கிறோம். ஆனால் பிள்ளையைக் கல்லூரியில் சேர்ப்பதை மட்டும் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார், விளம்பரத்தில் பார்த்தோம், பேருந்து வீட்டு வாசலுக்கே வருகிறது என்ற காரணங்களுக்காக முடித்துவிடுகிறோம். நீங்கள் ஒவ்வொருவரும் பொறுப்பாளி, உங்கள் பொறுப்பைப் பற்றி விசாரிக்கப்படுவீர்கள் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கிறது. பிள்ளைக்கு உணவும் உடையும் கொடுத்ததோடு அந்தப் பொறுப்பு முடிந்துவிடுவதில்லை. அவனை எந்த வாசலில் கொண்டுபோய் விட்டோம் என்பதும் அந்த விசாரணையில் அடங்கும்.

இன்றைய ஜும்ஆவில் இதை ஐந்து தலைப்புகளில் சிந்திப்போம்.

1. பிள்ளையின் தகுதியை அறிவது

நபி (ஸல்) அவர்கள் தம் தோழர்களை ஒரே அச்சில் வார்க்கவில்லை. குர்ஆன் ஓதுவதில் உபை இப்னு கஅப் (ரலி), ஹலால் ஹராம் சட்ட அறிவில் முஆத் இப்னு ஜபல் (ரலி), வாரிசுரிமைக் கணக்கில் ஸைத் இப்னு ஸாபித் (ரலி) என்று ஒவ்வொருவரின் சிறப்பையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார்கள். திர்மிதியில் இது வருகிறது. யூதர்களின் எழுத்து வடிவத்தைக் கற்க ஆள் தேவைப்பட்டபோது அந்த இளைஞர் ஸைத் (ரலி) அவர்களையே பணித்தார்கள். அவரும் அரை மாத அளவிலேயே அதைக் கற்றுத் தேர்ந்துவிட்டார். யாரால் எது முடியும் என்று பார்த்து ஒப்படைத்ததன் பலன் அது.

இதன் மறுபக்கமும் உண்டு. அபூதர் (ரலி) அவர்கள் தமக்கு ஆட்சிப் பொறுப்பு ஒன்றைத் தரக் கேட்டபோது, நபி (ஸல்) அவர்கள் அவரது தோளில் தட்டி, அந்தச் சுமைக்கு அவர் பலவீனமானவர் என்பதையும், அது ஓர் அமானிதம் என்பதையும் விளக்கி அனுப்பினார்கள். முஸ்லிம் நூலில் இந்தச் செய்தியைக் காணலாம். அபூதர் (ரலி) அவர்களின் ஈமானிலோ நேர்மையிலோ குறை சொல்ல முடியுமா? அவருடைய உண்மைத்தன்மையைப் பாராட்டியவர்களும் நபி (ஸல்) அவர்களே. ஒரு வேலைக்குப் பொருந்தாமல் இருப்பது மனிதனின் தரத்தைக் குறைப்பதில்லை. அவருக்கான வேலை வேறு, அவ்வளவுதான்.

பெற்றோர்களே! கணக்கில் தட்டுத் தடுமாறித் தேறிய பிள்ளையை, "சித்தப்பா மகன் இன்ஜினியரிங் படிக்கிறான்" என்பதற்காகப் பொறியியலில் சேர்த்தால் என்ன ஆகும்? முதல் செமஸ்டரிலேயே அரியர் விழும். இரண்டாம் வருடத்தில் அதை வீட்டில் மறைப்பான். நான்கு வருடம் முடிந்தும் பட்டம் கையில் இருக்காது. அவன் சோம்பேறி என்று ஊர் சொல்லும். அதே பிள்ளை பி.காம், சட்டம், நர்சிங், மீன்வளம், இதழியல் என்று தனக்குப் பொருந்திய ஒன்றில் சேர்ந்திருந்தால் தலைநிமிர்ந்து நின்றிருப்பான்.

பிளஸ் டூ முடித்தவர்களுக்கு மருத்துவம், பொறியியல் என்று இரண்டே வாசல்கள்தான் என்ற எண்ணத்தை முதலில் விட வேண்டும். எம்.பி.பி.எஸ்ஸுக்கு நீட் தேர்வு கட்டாயம். ஆனால் தமிழ்நாட்டில் பி.எஸ்ஸி நர்சிங், பி.பார்ம் போன்ற படிப்புகளுக்குப் பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில் மருத்துவத் தேர்வுக் குழு கலந்தாய்வு நடத்துகிறது. வேளாண் பல்கலைக்கழகத்துக்குத் தனி விண்ணப்பம். ஐந்தாண்டு சட்டப் படிப்புக்கு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தில் தனி விண்ணப்பம். டி.என்.பி.எஸ்.சி குரூப் 1, ஐ.ஏ.எஸ் தேர்வுகளை எழுத ஏதேனும் ஒரு பட்டம் போதும். நீதிமன்றத்திலும் தாலுகா அலுவலகத்திலும் நம் சமுதாயத்தவர்கள் குறைவாக இருக்கிறார்கள் என்று வருத்தப்படுகிற நாம், பிள்ளைகளை அந்த வாசல்களுக்கு அனுப்புகிறோமா?

2. சான்றிதழ்களில் கவனம்

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படி நபி (ஸல்) அவர்கள் ஒரு கிராமவாசிக்கு வழிகாட்டியது நாம் அனைவரும் அறிந்த செய்தி. கல்லூரிச் சேர்க்கையில் ஒட்டகத்தைக் கட்டுவது என்றால் காகிதங்களைச் சரியாக வைத்திருப்பது.

தமிழ்நாட்டில் 2007ஆம் ஆண்டு முதல் பிற்படுத்தப்பட்ட வகுப்பு முஸ்லிம்களுக்குக் கல்வியிலும் அரசு வேலையிலும் 3.5 சதவீதத் தனி ஒதுக்கீடு இருக்கிறது. சாதிச் சான்றிதழில் பி.சி.எம். என்று இருந்தால்தான் அது கிடைக்கும். லெப்பை (ராவுத்தர், மரைக்காயர் உட்பட), தக்கனி முஸ்லிம், ஷேக், சையது, மாப்பிள்ளா, அன்சார், தூதேகுலா ஆகிய ஏழு பிரிவுகள் அந்தப் பட்டியலில் உள்ளன. "முஸ்லிம்" என்ற ஒரே காரணத்தால் இந்த ஒதுக்கீடு தானாக வந்துவிடாது. எந்தப் பிரிவு என்பது சான்றிதழில் சரியாக இருக்க வேண்டும். நல்ல மதிப்பெண் எடுத்த பிள்ளைக்குப் பொதுப் பிரிவிலேயே இடம் கிடைக்கும். அது கிடைக்காதபோது இந்த ஒதுக்கீடு கைகொடுக்கும்.

ஐ.ஐ.டி., என்.ஐ.டி., மத்தியப் பல்கலைக்கழகங்களில் இந்த 3.5 சதவீதம் செல்லாது. அங்கே 27 சதவீத ஓ.பி.சி. ஒதுக்கீடுதான். மத்திய அரசின் பட்டியலில் உள்ள பிரிவினர், கிரீமி லேயர் அல்லாதவர் என்பதற்கான தனிச் சான்றிதழை மத்திய அரசின் படிவத்தில் வாங்க வேண்டும். மாநிலச் சான்றிதழை மட்டும் கையில் வைத்துக்கொண்டு கடைசி நாளில் தாசில்தார் அலுவலகத்துக்கு ஓடினால் இடம் போய்விடும்.

குடும்பத்திலேயே முதன்முதலாகப் பட்டப்படிப்புக்குச் செல்லும் பிள்ளைக்கு முதல் பட்டதாரிச் சான்றிதழ் உண்டு. பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் அரசு ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கல்விக் கட்டணச் சலுகை கிடைக்கும். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்கு மருத்துவம், பொறியியல் முதலிய படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கு 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டமும், மாணவர்களுக்கு 2024இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் 1000 ரூபாய் உதவித்தொகைக்காக வந்தவை.

நம் வீடுகளுக்கே உரிய ஒரு சிக்கல் பெயர். பள்ளிச் சான்றிதழில் "முகமது", ஆதாரில் "முஹம்மது", சாதிச் சான்றிதழில் சுருக்கமாக வெறும் இனிஷியல். தகப்பனார் பெயருக்கு முன்னால் ஓர் இடத்தில் "ஷேக்" இருக்கும், இன்னோர் இடத்தில் இருக்காது. ஆங்கிலத்தில் எழுதும்போது ஓர் எழுத்து கூடும், ஓர் எழுத்து குறையும். சான்றிதழ் சரிபார்ப்பில் பிள்ளை அலைக்கழிக்கப்படுவது இதனால்தான். பத்தாம் வகுப்பு முடிந்தவுடனே எல்லாவற்றையும் ஒன்றாகப் பரப்பிவைத்து, பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். திருத்த வேண்டியிருந்தால் அப்போது அவகாசம் இருக்கும்.

3. கலந்தாய்வும் கல்லூரியும்

பொறியியல் கலந்தாய்வு முழுவதும் இணைய வழியில் நடக்கிறது. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200க்குக் கணக்கிட்டுத் தரவரிசை போடுகிறார்கள். விருப்பப் பட்டியலில் எத்தனை கல்லூரிகளை வேண்டுமானாலும் வரிசைப்படுத்தலாம். உங்கள் முறை வரும்போது அந்த வரிசையை மேலிருந்து கீழாகப் பார்த்து, எது முதலில் காலியாக இருக்கிறதோ அதைத் தருவார்கள். எனவே கிடைக்குமோ கிடைக்காதோ என்று தயங்குகிற நல்ல கல்லூரியை மேலே வைப்பதால் கீழே உள்ளது பறிபோகாது. ஐந்து கல்லூரிகளோடு பட்டியலை நிறுத்திவிட்டு "எதுவும் கிடைக்கவில்லை" என்று நிற்பவர்கள் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள். தற்காலிக ஒதுக்கீடு வந்த பிறகு, ஏற்கிறேன் என்றோ, ஏற்றுக்கொண்டு இதைவிட மேலான விருப்பத்துக்குக் காத்திருக்கிறேன் என்றோ குறித்த நாளுக்குள் பதில் தர வேண்டும். தவறினால் அந்த இடம் கைநழுவும்.

பிரவுசிங் சென்டரில் விண்ணப்பிப்பதில் தவறில்லை. ஆனால் அவர்களுடைய செல்போன் எண்ணையும் மின்னஞ்சலையும் கொடுக்காதீர்கள். ஓ.டி.பி. உங்கள் எண்ணுக்கு வரட்டும். கடவுச்சொல் பிள்ளையிடம் இருக்கட்டும். கல்லூரிகளின் வரிசையை வீட்டில் உட்கார்ந்து காகிதத்தில் எழுதி, கல்லூரி எண்ணையும் பாடப்பிரிவையும் இரண்டு முறை சரிபார்த்து எடுத்துச் செல்லுங்கள்.

கல்லூரியை எப்படி எடைபோடுவது? நுழைவாயிலின் உயரத்தையும் பேருந்துகளின் எண்ணிக்கையையும் பார்த்து அல்ல. இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்.

• அங்கீகாரம் இருக்கிறதா? பல்கலைக்கழகம் என்றால் யு.ஜி.சி. பட்டியலில் பாருங்கள். போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலையும் யு.ஜி.சி. வெளியிடுகிறது. பொறியியல் என்றால் ஏ.ஐ.சி.டி.இ. அனுமதியும் பல்கலைக்கழக இணைப்பும் வேண்டும். கல்லூரிக்கு அனுமதி இருந்தாலும், நீங்கள் சேர்கிற குறிப்பிட்ட பாடப்பிரிவுக்கும் இருக்கிறதா என்று கேளுங்கள்.

• கடந்த வருடங்களின் தேர்ச்சி விகிதம் என்ன? அந்தப் பாடப்பிரிவில் நிரந்தரப் பேராசிரியர்கள் எத்தனை பேர்?

• "வேலைவாய்ப்பு" என்று பேனரில் போட்டிருக்கிறார்களே, ஒருவர் வாங்கிய பெரிய சம்பளம் அது. உங்கள் பாடப்பிரிவில் படித்த எத்தனை பேரில் எத்தனை பேருக்கு, எந்தச் சம்பளத்தில் வேலை கிடைத்தது என்று கேளுங்கள். இப்போது மூன்றாம் வருடம் படிக்கும் நம் ஊர்ப் பிள்ளை ஒருவரிடம் பேசினால் விளம்பரம் சொல்லாததையும் சொல்வார்.

• நான்கு வருடத்துக்கும் சேர்த்து மொத்தம் எவ்வளவு? கல்விக் கட்டணத்தோடு விடுதி, பேருந்து, தேர்வு, ஆய்வகம், பயிற்சி என்று எதையெல்லாம் பின்னால் சேர்ப்பார்கள்? எழுத்தில் வாங்குங்கள்.

• தொழுகைக்கும் ஜும்ஆவுக்கும் வசதி உண்டா? ஹிஜாப் அணிய எந்தத் தடையும் இல்லை என்பது உறுதியா? விடுதி உணவு எப்படி? மனிதன் தன் நண்பனின் வழியிலேயே இருப்பான், யாரோடு நட்பு கொள்கிறோம் என்று கவனிக்க வேண்டும் என்ற நபிமொழி அபூதாவூதிலும் திர்மிதியிலும் வருகிறது. பதினெட்டு வயதில் பிள்ளை பெறுகிற நண்பர்கள் அவனது மார்க்கத்தையும் குணத்தையும் செதுக்குகிறவர்கள்.

இன்னொன்று. அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்துவைத்துக்கொள்ளக் கூடாது, படிப்பைத் தொடங்கும் முன் விலகினால் விதிப்படி கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று யு.ஜி.சி. அறிவுறுத்தியிருக்கிறது. நன்கொடை வசூலிப்பதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1992ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. ரசீது இல்லாமல் பணம் கேட்கும் தரகரிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

4. கடனும் வட்டியும்

கண்ணியமானவர்களே! இதுதான் நம்மில் பலரின் உறக்கத்தைக் கெடுக்கும் விஷயம். மேனேஜ்மென்ட் கோட்டாவில் இடம் வாங்க நகையை அடகு வைக்கிறோம். போதாததற்குக் கந்துவட்டி. வட்டி வாங்குபவர், கொடுப்பவர், எழுதுபவர், சாட்சிகள் அனைவரையும் நபி (ஸல்) அவர்கள் சபித்ததாக ஜாபிர் (ரலி) அறிவிக்கும் செய்தி முஸ்லிமில் இருக்கிறது. கல்வி என்ற நல்ல பெயர் வைத்ததால் வட்டி ஹலாலாகிவிடாது.

கடனாளி பேசினால் பொய் சொல்கிறான், வாக்களித்தால் மீறுகிறான் என்று சுட்டிக்காட்டி, கடனிலிருந்து நபி (ஸல்) அவர்கள் பாதுகாப்புத் தேடினார்கள். நான்கு வருடக் கடனைச் சுமக்கும் தகப்பன், பிள்ளையைப் பார்க்கும்போதெல்லாம் செலவுக் கணக்கைச் சொல்லிக் காட்டுகிறார். பிள்ளை அந்தச் சுமையோடு பரீட்சை எழுதுகிறான்.

வழி என்ன? பெயருக்காகப் பெரிய கட்டணக் கல்லூரிக்கு ஓடாமல், கட்டணம் குறைந்த அரசுக் கல்லூரிகளையும் அரசு உதவி பெறும் கல்லூரிகளையும் முதலில் பாருங்கள். நம் முன்னோர்கள் இதற்காகவே கல்லூரிகளைக் கட்டிவைத்தார்கள். வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி 1919இல், சென்னை புதுக் கல்லூரியும் திருச்சி ஜமால் முகமது கல்லூரியும் 1951இல், சென்னையில் எஸ்.ஐ.இ.டி. பெண்கள் கல்லூரியும் அதிராம்பட்டினம் காதிர் முகைதீன் கல்லூரியும் 1955இல், உத்தமபாளையம் ஹாஜி கருத்த ராவுத்தர் கல்லூரி 1956இல், பாளையங்கோட்டை சதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரி 1971இல் தொடங்கப்பட்டன. அந்தக் காலத்துச் செல்வந்தர்கள் நிலத்தையும் பொருளையும் வக்ஃபாகவும் நன்கொடையாகவும் கொடுத்ததன் நிழலில்தான் நம்மில் பலர் படித்தோம்.

இமாம் அபூயூசுஃப் (ரஹ்) வறுமையான வீட்டுப் பிள்ளை. படிப்பை விட்டு வேலைக்குப் போகும்படி வீட்டில் நெருக்கடி. சில நாட்கள் வகுப்புக்கு வரவில்லை. ஆசிரியர் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) காரணம் விசாரித்து, 100 திர்ஹம் கொண்ட பையைக் கையில் கொடுத்து, பாடத்தை விடாதே, தீர்ந்தால் சொல் என்றார்கள். கேட்காமலேயே அடுத்தடுத்தும் கொடுத்தார்கள். அந்த மாணவர்தான் பிற்காலத்தில் ஹாரூன் ரஷீதின் ஆட்சியில் தலைமை நீதிபதியானார்.

நம் மஹல்லாவில் இன்று அப்படி எத்தனை பிள்ளைகள் வகுப்பைவிட்டுக் கடைக்கும் பட்டறைக்கும் போய்க்கொண்டிருக்கிறார்கள்? ஜமாஅத்தின் பைத்துல் மாலிலிருந்து கர்ளன் ஹஸனாவாக முதல் வருடக் கட்டணத்தைக் கொடுக்கலாம். ஸகாத் பெறத் தகுதியுள்ள ஏழை மாணவருக்கு, உலமாக்களிடம் சட்டம் கேட்டு ஸகாத்திலிருந்து உதவலாம். வேலைக்குப் போனவர் அந்தக் கடனைத் திருப்பித் தந்தால் அதே பணம் அடுத்த பிள்ளையைப் படிக்க வைக்கும்.

5. மஷ்வராவும் இஸ்திகாராவும்

காரியங்களில் கலந்தாலோசிக்கும்படி அல்லாஹ் தன் நபிக்கே கட்டளையிட்டிருக்கிறான் (3:159). ஆலோசனை கேட்கப்படுபவர் அமானிதம் சுமப்பவர் என்பதும் நபிமொழி. எனவே ஆலோசனை சொல்பவர்களும் அல்லாஹ்வைப் பயந்து சொல்லுங்கள். கமிஷனுக்காக ஒரு கல்லூரியைப் புகழ்ந்தால் அது அமானிதத்துக்குச் செய்யும் மோசடி.

மஷ்வராவில் முதலில் பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். படிக்கப் போகிறவர் அவர். பெண் பிள்ளையையும் உட்கார வைத்துக் கேளுங்கள். "கல்யாணம் ஆகும் வரை ஏதாவது படிக்கட்டும்" என்று அவளுக்கு மட்டும் மீதியைக் கொடுக்காதீர்கள். அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களுக்கு எழுதக் கற்றுக்கொடுத்தவர் ஷிஃபா பின்த் அப்துல்லாஹ் (ரலி) என்ற பெண்மணி. நம் பெண்களுக்குப் பெண் மருத்துவரும் பெண் வழக்கறிஞரும் வேண்டும் என்று கேட்கிற நாம்தான் அவர்களை உருவாக்க வேண்டும்.

குர்ஆனின் அத்தியாயத்தைக் கற்றுத் தருவதுபோல எல்லாக் காரியங்களிலும் இஸ்திகாராவை நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்ததாக ஜாபிர் (ரலி) அறிவிக்கிறார்கள். விசாரித்து, கணக்குப் போட்டு, ஆலோசித்த பிறகு இரண்டு ரக்அத் தொழுது அந்த துஆவை ஓதுங்கள். கனவு வரவேண்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. நல்லது என்றால் எளிதாக்கு, தீங்கு என்றால் திருப்பிவிட்டு, நல்லதை எங்கிருந்தாலும் தந்து, அதில் மனநிறைவையும் தா என்பதுதான் அந்த துஆவின் சாரம்.

இந்தக் கடைசி வேண்டுதலான மனநிறைவை மறந்துவிடாதீர்கள். மதிப்பெண் குறைந்த பிள்ளையும், கேட்ட இடம் கிடைக்காத பிள்ளையும் இந்த வாரம் உங்கள் வீட்டில் இருக்கலாம். அவனை உறவினர் முன்னால் ஒப்பிட்டுப் பேசாதீர்கள். தேர்ச்சி பெறாதவர்களுக்கு அதே வருடத்தில் துணைத் தேர்வு நடக்கிறது. பிள்ளை சாப்பிடாமல், பேசாமல், அறையை அடைத்துக்கொண்டிருந்தால் தனியே விடாதீர்கள். அருகில் இருங்கள். 104 என்ற எண்ணிலும் 14416 என்ற எண்ணிலும் மனநல ஆலோசனை கிடைக்கும். ஓர் உயிரைவிட எந்த மதிப்பெண்ணும் பெரிதல்ல.

மாணவச் செல்வங்களே! உங்களுக்குப் பயனளிப்பதில் ஆர்வம் கொள்ளுங்கள், அல்லாஹ்விடம் உதவி தேடுங்கள், இயலாமல் சோர்ந்துவிடாதீர்கள் என்ற நபி (ஸல்) அவர்களின் போதனை முஸ்லிமில் இருக்கிறது. நடந்து முடிந்ததைப் பற்றி "இப்படிச் செய்திருந்தால்" என்று புலம்புவதையும் அதே செய்தியில் தடுக்கிறார்கள். எந்தக் கல்லூரியில் சேர்ந்தாலும் முதல் நாளிலிருந்து ஒழுங்காகப் படியுங்கள், ஐவேளைத் தொழுகையை விடாதீர்கள், பெற்றோர் அனுப்பும் ஒவ்வொரு ரூபாயும் யாருடைய வியர்வை என்று நினைத்துப் பாருங்கள்.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். வருகிற சனி, ஞாயிறு இரண்டு நாட்கள் பள்ளிவாசல் வளாகத்தில் ஒரு மேசை போடுங்கள். நம் மஹல்லாவில் படித்த, படித்துக்கொண்டிருக்கிற நான்கு இளைஞர்கள் உட்காரட்டும். சான்றிதழ்களைச் சரிபார்க்கவும், விண்ணப்பிக்கவும், கல்லூரி வரிசையை எழுதவும் உதவட்டும். செலவில்லாத, ஆனால் பல குடும்பங்களின் துஆவைப் பெற்றுத் தரும் காரியம் இது.

வல்ல ரஹ்மான் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், ஹலாலான வாழ்வாதாரத்தையும், நல்ல நண்பர்களையும் தந்தருள்வானாக! வட்டியின் தீங்கிலிருந்தும் கடனின் சுமையிலிருந்தும் நம் குடும்பங்களைப் பாதுகாப்பானாக! பெற்றோருக்குக் கண்குளிர்ச்சியாகவும் சமுதாயத்துக்குப் பயனுள்ளவர்களாகவும் அவர்களை ஆக்குவானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.